வார்கிராஃப்ட் 3-இல் சொந்தமாக ஒரு யூனிட் செய்வது: முழுமையான வழிகாட்டி

வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் விளையாட்டில் புதிதாக யூனிட் (படைவீரன் போல நாம் ஆட்டுவிக்கும் ஓர் ஆள்) செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முதல் வேலையாக அழகான மாடல் (முப்பரிமாண உருவம்) ஒன்றைத் தேடப் போய்விடுகிறார்கள். மாடல் கிடைக்கிறது, டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் போர்த்தும் படம்) ஏறவில்லை, ஐகான் பச்சையாகத் தெரிகிறது. இரண்டு மூன்று மாலைகள் அதிலேயே கழிந்துவிடும். கடைசியில் மாடல் சரியாக நிற்கும்போது, அந்த யூனிட்டை எந்தக் கட்டடத்தில் பயிற்றுவிப்பது, அது என்ன செய்யும், என்ன விலை என்று எதுவுமே முடிவாகியிருக்காது.

நான் சொல்லிக்கொடுத்த தம்பிகள் பலரும் இப்படித்தான் பாதியில் விட்டார்கள். அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். முதலில் கணக்கு, அப்புறம் திறன், அப்புறம் யூனிட், அப்புறம் கட்டடம், சோதனை. தோற்றம் கடைசியில்தான்.

ஒரு குறிப்பு: எடிட்டர் ஆங்கிலத்தில் இருக்கும். மெனு, ஃபீல்டு பெயர்களை அவற்றின் ஒலிப்பிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். திரையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எளிதாகப் பொருந்தும்.

1. தொடங்கும் முன் என்ன வேண்டும்

வார்கிராஃப்ட் 3 விளையாட்டும், அதோடு சேர்ந்தே வரும் வேர்ல்டு எடிட்டரும் போதும். 2003-இல் வந்த ஃப்ரோசன் த்ரோன் என்ற விரிவாக்கம் இருந்தாலும் சரி, 2020-இல் வந்த ரீஃபோர்ஜ்டு என்ற புதுப்பித்த பதிப்பு இருந்தாலும் சரி, இங்கே சொல்லும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சில எண்கள் மட்டும் பேட்ச்சுக்குப் பேட்ச் (விளையாட்டுக்கு வரும் புதுப்பிப்பு) மாறியிருக்கலாம். உங்கள் எடிட்டரில் தெரிவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நீங்கள் செய்யும் யூனிட்டின் தகவல் முழுக்க மேப் (ஆட்டக்களம்) கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. நண்பனுக்கு மேப்பைக் கொடுத்தால் போதும், அவன் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

எடிட்டரில் நமக்கு வேண்டிய ஜன்னல்கள் மூன்று. எஃப்6 அழுத்தினால் ஆப்ஜெக்ட் எடிட்டர், எஃப்4 அழுத்தினால் டிரிக்கர் எடிட்டர், எஃப்12 அழுத்தினால் இம்போர்ட் மேனேஜர் (ரீஃபோர்ஜ்டில் அதன் பெயர் அசெட் மேனேஜர்). வேலையின் பெரும்பகுதி எஃப்6-இல்தான் நடக்கும்.

புதிய மேப் ஒன்றைத் திறந்து உடனே சேமித்துவிடுங்கள். பெயருக்குப் பின்னால் 01 என்று போடுங்கள். பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 02, 03 என்று புதுப் பெயரில் சேமியுங்கள். ஆப்ஜெக்ட் எடிட்டரில் ஒரு தவறு நடந்தது பத்து மாற்றங்களுக்கு அப்புறம்தான் தெரியவரும். அப்போது திரும்பிப் போக ஒரு கோப்பு வேண்டும்.

2. யூனிட்டைக் காகிதத்தில் முடிவு செய்யுங்கள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இது எப்படி நகரும்? எப்படித் தாக்கும்? ஏற்கெனவே உள்ள யூனிட்களால் செய்ய முடியாத எதைச் செய்யும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், விளையாட்டில் ஏற்கெனவே உள்ள சாதாரண வாள்வீரனான ஃபுட்மேனே வேறு பெயரில் கிடைப்பான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே எடுத்துக்காட்டோடு போவோம். விளையாட்டில் உள்ள படைகளில் ஒன்றான ஹியூமன் பக்கத்துக்கு ஒரு காவல் தலைவன். தரையில் நடப்பான், வாளால் வெட்டுவான், பக்கத்தில் நிற்கும் நம் வீரர்களின் கவசத்தைக் கொஞ்சம் உயர்த்துவான். கீப் (முதன்மைக் கட்டடத்தின் இரண்டாம் நிலை) கட்டிய பிறகுதான் கிடைப்பான்.

இப்போது எண்கள். ஃபுட்மேனை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு உயிர் 420, அடி 12 முதல் 13 வரை, கவசம் 2, விலை 135 தங்கம், உணவு 2. காவல் தலைவனுக்கு உயிர் 640, அடி 16 முதல் 17 வரை என்று வைப்போம். கவசத்தையும் தாக்கும் வேகத்தையும் ஃபுட்மேனுக்கு உள்ளபடியே விடுவோம்.

3. விலைக் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். யூனிட்டின் பலத்தை இரட்டிப்பாக்கினால் விலையையும் இரட்டிப்பாக்கினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தவறு.

உயிர் 840, சராசரி அடி 25 உள்ள ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஃபுட்மேனைப் போல இரு மடங்கு. அவனை இரண்டு ஃபுட்மேன்களோடு மோதவிடுங்கள். முதல் ஃபுட்மேன் சாகும் வரை இரண்டு பேரும் சேர்ந்து அவனிடமிருந்து ஏறக்குறைய 420 உயிரை எடுப்பார்கள். அப்புறம் மிஞ்சியிருக்கும் ஒருவன், தான் சாவதற்குள் இன்னொரு 210 எடுப்பான். மொத்தம் 630. நம் ஆள் ஏறக்குறைய 200 உயிரோடு நின்றுகொண்டிருப்பான். அதே 270 தங்கம்தான், ஆனால் ஒரு பக்கம் தெளிவாக ஜெயிக்கிறது.

காரணம், ஃபுட்மேன் செத்தால் அவன் அடியும் அவனோடு போய்விடுகிறது. ஒற்றை யூனிட் கடைசிச் சொட்டு உயிர் வரை முழு பலத்தோடு அடிக்கிறது.

அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது. உயிரையும் சராசரி அடியையும் பெருக்குங்கள். ஃபுட்மேனுக்கு 420 பெருக்கல் 12.5, அதாவது 5,250. காவல் தலைவனுக்கு 640 பெருக்கல் 16.5, அதாவது 10,560. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஏறக்குறைய 2 வரும். ஒரு ஃபுட்மேனின் மதிப்பு 1. இரண்டு பேர் சேர்ந்து சண்டையிட்டால், முதலில் சாகிறவன் ஒரு பங்கு நேரமும் அடுத்தவன் இரண்டு பங்கு நேரமும் அடிப்பதால் மதிப்பு 1+2, அதாவது 3; இதே போல மூன்று பேருக்கு 6, நான்கு பேருக்கு 10. நம் 2 என்பது 1-க்கும் 3-க்கும் சரிபாதியில் இருக்கிறது. ஆக, காவல் தலைவன் ஏறக்குறைய ஒன்றரை ஃபுட்மேனுக்குச் சமம், விலை 200 தங்கத்தை ஒட்டி வர வேண்டும்.

அவனுடைய கவசத் திறனுக்கு மேற்கொண்டு 40 சேர்க்கலாம். 240 தங்கம், உணவு 3. இது முதல் மதிப்பீடுதான், சோதனையில் மாறும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 300 என்று போடுவதைவிட நல்ல இடத்தில் தொடங்குகிறோம்.

4. யூனிட்டுக்கு முன்னால் திறனைச் செய்யுங்கள்

யூனிட்டில் திறனைச் சேர்க்கும்போது அந்தத் திறன் பட்டியலில் இருக்க வேண்டும். அதனால்தான் இது முதலில் வருகிறது.

ஆப்ஜெக்ட் எடிட்டரில் எபிலிட்டிஸ் டேபுக்குப் போங்கள். ஹியூமன் ஹீரோ திறன்களில் டிவோஷன் ஆரா (பக்கத்தில் நிற்பவர்களின் கவசத்தைத் தானாக உயர்த்தும் திறன்) இருக்கும், பாலடின் என்ற ஹீரோவுடையது. அதை அடிப்படையாக வைத்துப் புதிய கஸ்டம் எபிலிட்டி ஒன்றை உருவாக்கிப் பெயர் வையுங்கள்.

அதில் மாற்ற வேண்டியவை: ஹீரோ எபிலிட்டி என்ற ஃபீல்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். லெவல்ஸ் 1. ஆர்மர் போனஸ் 1. ஏரியா ஆஃப் எஃபெக்ட் 600. டூல்டிப் (பட்டன் மேல் கர்சரை வைத்தால் வரும் விளக்கம்) வரிகளையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

ஹீரோ எபிலிட்டியை ஃபால்ஸ் ஆக்காமல் விடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஹீரோ திறன் என்பது லெவல் ஏறும்போது கற்றுக்கொள்ள வேண்டியது. சாதாரண யூனிட்டுக்கு அது பிறவியிலேயே இருக்க வேண்டும்.

பஃப் (திறனின் விளைவு யூனிட் மேல் இருப்பதைக் காட்டும் குறி) என்ற ஃபீல்டையும் ஒருமுறை பாருங்கள். பாலடினின் ஆராவுக்கு உள்ள அதே பஃப்தான் இதிலும் இருக்கும். அப்படியே விட்டால் பாலடினும் காவல் தலைவனும் பக்கத்தில் நிற்கும்போது இரண்டு ஆராக்களின் கவசமும் ஒன்றோடொன்று சேராது, பெரியது மட்டும் வேலை செய்யும். இரண்டும் சேர வேண்டுமானால் பஃப்ஸ் டேபில் தனி பஃப் ஒன்றை நகலெடுத்து இங்கே போட வேண்டும். நான் சேராமல் விடுவதையே விரும்புகிறேன். கவசங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறத் தொடங்கினால் எந்த விலைக் கணக்கும் நிற்காது.

ஆராவுக்குப் பதிலாக பட்டன் அழுத்திப் பயன்படுத்தும் திறன் வைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் இரண்டு விஷயம். யூனிட்டில் மனா மாக்சிமம், மனா ரீஜெனரேஷன் இரண்டையும் நிரப்புங்கள், ஃபுட்மேனுக்கு மனாவே (திறனைப் பயன்படுத்தச் செலவாகும் ஆற்றல்) கிடையாது. அடுத்து, ஒரே அடிப்படைத் திறனிலிருந்து நகலெடுத்த இரண்டை ஒரே யூனிட்டுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் உள்ளே ஒரே ஆர்டர் பெயர் இருப்பதால், ஒரு பட்டனை அழுத்தினால் இன்னொன்று வேலை செய்யும். ஸ்டார்ம் போல்ட் என்ற திறனை இரண்டு முறை நகலெடுத்து நெருப்புக்கொன்று, பனிக்கொன்று என்று வைத்தவர்கள் எல்லோரும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

5. அடிப்படை யூனிட்டைத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள்

யூனிட்ஸ் டேபுக்கு வாருங்கள். எடிட் மெனுவில் நியூ கஸ்டம் யூனிட். எதை அடிப்படையாக வைப்பது என்று கேட்கும்.

தோற்றத்தைப் பார்த்து அடிப்படையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நகரும் விதம், தாக்கும் விதம் எதில் ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள். நமக்கு ஃபுட்மேன்.

சில குணங்கள் அடிப்படையிலிருந்து மட்டுமே வரும். ஹீரோவா இல்லையா என்பதை நகலெடுத்த பிறகு மாற்ற முடியாது. ஹீரோ வேண்டுமானால் ஹீரோவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. இடப்பக்க மரத்தில் ஸ்டாண்டர்டு யூனிட்ஸ், கஸ்டம் யூனிட்ஸ் என்று இரண்டு கிளைகள் இருக்கும். நகலெடுத்த பிறகும் பழைய ஃபுட்மேன் மீதே கர்சரை வைத்துக்கொண்டு எண்களை மாற்றுவார்கள். மேப்பில் எல்லா ஃபுட்மேன்களுக்கும் 640 உயிர் வந்துவிடும். மாற்றிய ஃபீல்டுகள் ஊதா நிறத்தில் தெரியும். ஸ்டாண்டர்டு கிளையில் நீங்கள் நினைக்காத இடத்தில் ஊதா நிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பழைய மதிப்புக்குத் திருப்புங்கள்.

6. எண்களை நிரப்புவது

உயிர், தங்கம், உணவு எல்லாம் நேரடியானவை. ஸ்டாட்ஸ் என்று தொடங்கும் ஃபீல்டுகளில் 640, 240, 3 என்று போடுங்கள். பில்டு டைம் ஃபுட்மேனுக்கு உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டி 28 வையுங்கள்.

அடிதான் குழப்பும். அடி என்ற ஒற்றை ஃபீல்டு கிடையாது. டேமேஜ் பேஸ், நம்பர் ஆஃப் டைஸ், சைட்ஸ் பெர் டை என்று மூன்று இருக்கும். பேஸ் எண்ணோடு பகடை உருட்டி வருவதைக் கூட்டுகிறது விளையாட்டு. ஃபுட்மேனுக்கு பேஸ் 11, பகடை 1, பக்கங்கள் 2. பகடையில் 1 அல்லது 2 விழும், ஆகவே 12 அல்லது 13. காவல் தலைவனுக்கு 16 முதல் 17 வேண்டும். பேஸ் 15 போடுங்கள், பகடையைத் தொடாதீர்கள்.

பேஸில் 16 போட்டுவிட்டு, ஏன் 17 முதல் 18 என்று காட்டுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பகடை குறைந்தது 1 சேர்க்கும், அதை மறந்துவிடுகிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பிளாக்ஸ்மித் என்ற ஆயுதப் பட்டறையில் வாள் மேம்பாடு வாங்கும்போது பேஸ் எண் கூடுவதில்லை, பகடையின் எண்ணிக்கை கூடுகிறது. ஃபுட்மேனுக்குப் பக்கங்கள் 2 என்பதால் ஒரு நிலைக்கு சராசரியாக 1.5 அடி கூடும். உங்கள் யூனிட்டின் அடி 10 முதல் 29 வரை பரவட்டும் என்று பேஸ் 9, பக்கங்கள் 20 என்று வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் சராசரியாக 10.5 அடி கூடும். ஆட்டத்தின் தொடக்கத்தில் சாதுவாக இருந்த யூனிட், மூன்று மேம்பாடுகள் முடிந்ததும் எதிரில் நிற்கும் எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளும். இது சோதனையின் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கவசத்திலும் ஒரு பொறி. ஆர்மர் டைப், டிஃபென்ஸ் டைப் என்று இரண்டு ஃபீல்டுகள் இருக்கும். ஆர்மர் டைப் என்பது அடிபடும்போது கேட்கும் சத்தம்: உலோகமா, தோலா, மரமா, கல்லா என்பது. எந்த ஆயுதத்துக்கு எவ்வளவு தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது டிஃபென்ஸ் டைப். முதலாவதை மாற்றிவிட்டு, யூனிட் இன்னும் அதே போலச் சாகிறதே என்று குழம்புவார்கள். ஃபுட்மேனுக்கு ஹெவி வகை ஏற்கெனவே இருக்கிறது, நமக்கு அது போதும். மந்திரத் தாக்குதல் ஹெவி மேல் 200 சதவீதம் விழும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நம் தலைவனின் பலவீனம் அது, இருக்கட்டும்.

டிஃபென்ஸ் பேஸ் என்பது கவச எண். அதை 0.06-ஆல் பெருக்கி, வருவதை ஒன்றோடு அதையே கூட்டிய எண்ணால் வகுத்தால் எவ்வளவு அடி தடுக்கப்படுகிறது என்று கிடைக்கும். கவசம் 2 என்றால் 10.7 சதவீதம். ஆரா தலைவனுக்கும் சேர்த்தே வேலை செய்வதால் அவனுக்கு 3, அதாவது 15.3 சதவீதம். இதனால்தான் பேஸை 2-க்கு மேல் உயர்த்தவில்லை.

7. கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததை நீக்குங்கள்

நகலெடுத்த யூனிட் தன் பெற்றோரின் எல்லாவற்றையும் கொண்டுவரும். எபிலிட்டிஸ் நார்மல் என்ற ஃபீல்டைத் திறந்தால் ஃபுட்மேனின் டிஃபெண்ட் திறன் இருக்கும். நம் தலைவனுக்கு அது வேண்டாம், கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கும் அசைவும் ஃபுட்மேன் மாடலுக்கென்றே செய்தது. நீக்கிவிட்டு நாம் செய்த ஆராவைச் சேருங்கள்.

டெக்ட்ரீ பகுதியில் அப்கிரேட்ஸ் யூஸ்டு என்ற ஃபீல்டிலும் டிஃபெண்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாள், கவச மேம்பாடுகள் இருக்கட்டும். இந்த ஃபீல்டில் பெயர் இல்லாத மேம்பாடு யூனிட்டுக்குப் போய்ச் சேராது. காட்டில் திரியும் கிரீப் (எந்தப் பக்கத்தையும் சேராத உயிர்) ஒன்றை அடிப்படையாக வைத்தவர்கள் இதை நிரப்ப மறந்து, பிளாக்ஸ்மித்தில் தங்கத்தைக் கொட்டிய பிறகும் யூனிட் பழைய பலத்திலேயே நிற்பதைப் பார்த்து விழிப்பார்கள்.

8. பெயரும் டூல்டிப்பும்

நேம் ஃபீல்டை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். பேரக்ஸ் (வீரர்களைப் பயிற்றுவிக்கும் கட்டடம்) பட்டனில் தெரியும் வரி டூல்டிப் பேசிக். அதன் கீழே வரும் விளக்கம் டூல்டிப் எக்ஸ்டெண்டெட். இரண்டும் தனித்தனி. மாற்றாமல் விட்டால் பட்டனில் ஃபுட்மேன் என்றே வரும்.

டூல்டிப்பில் ஹாட்கீ (பட்டனைச் சொடுக்குவதற்குப் பதில் அழுத்தும் விசை) எழுத்து மட்டும் மஞ்சளாகத் தெரியும். அதற்கு நடுவில் ஒரு நிறக் குறியீடு இருக்கும். அதை நீங்களாக அடிக்காதீர்கள், ஒரு எழுத்து பிசகினால் வரி முழுக்கக் கெட்டுவிடும். ஃபுட்மேனின் வரியை அப்படியே வைத்துக்கொண்டு, குறியீட்டுக்கு நடுவில் உள்ள எழுத்தையும் அதைத் தொடரும் சொல்லையும் மட்டும் மாற்றுங்கள்.

ஹாட்கீயும் தனி ஃபீல்டுதான். டூல்டிப்பில் சி எழுத்தை மஞ்சளாக்கிவிட்டு ஹாட்கீ ஃபீல்டில் எஃப் என்று விட்டால், எஃப் அழுத்தும்போது ஃபுட்மேனோடு மோதும். பேரக்ஸ் தரும் எல்லாவற்றின் ஹாட்கீயையும் ஒருமுறை பார்த்துவிட்டு, யாரும் பயன்படுத்தாத எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விளக்கத்தில் இரண்டு வரி போதும்: என்ன செய்யும், எதைத் தாக்கும். விளையாடுபவன் சண்டை நடக்கும்போது படிக்கப்போகிறான்.

9. பேரக்ஸோடு இணைப்பது

இப்போது ஸ்டாண்டர்டு கிளையில் உள்ள பேரக்ஸைத் தொடுவோம். இங்கே மட்டும் தெரிந்தே மாற்றுகிறோம், ஏனென்றால் ஆட்டத்தில் எல்லோரும் கட்டுவது அந்த பேரக்ஸைத்தான்.

டெக்ட்ரீ யூனிட்ஸ் டிரெயின்டு ஃபீல்டில் காவல் தலைவனைச் சேருங்கள். பக்கத்திலேயே யூனிட்ஸ் சோல்டு என்று இன்னொன்று இருக்கும், அது கூலிப்படை முகாம், டாவர்ன் போன்ற கடைகளுக்கானது. அதில் சேர்த்தால் நடத்தையே வேறு.

பிறகு தலைவனின் பட்டன் இடம். கட்டளைப் பலகையில் நான்கு பத்தி, மூன்று வரிசை. எக்ஸ் 0 முதல் 3 வரை, ஒய் 0 முதல் 2 வரை. நகலெடுத்ததால் நம் ஆளுக்கும் ஃபுட்மேனின் இடமே இருக்கும். இரண்டு பட்டன்கள் ஒரே இடத்தைக் கேட்டால் நினைத்த இடத்தில் வராது, சில நேரம் ஒன்று காணாமலே போகும். பேரக்ஸ் தரும் யூனிட்கள், ஆராய்ச்சிகள் எல்லாவற்றின் எக்ஸ், ஒய் எண்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். காலியாக இருக்கும் கட்டம் நம்முடையது.

கடைசியாக, தலைவனின் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபீல்டில் கீப். இது யூனிட்டில் போட வேண்டியது. பேரக்ஸில் போட்டால் கீப் இல்லாமல் பேரக்ஸே கட்ட முடியாது.

10. சோதனை: இரண்டு மேப்

முதல் மேப்பில் வழக்கமான ஆட்டம். கன்ட்ரோலோடு எஃப்9 அழுத்தினால் டெஸ்ட் மேப் ஓடும். உள்ளே போனதும் என்டர் தட்டி, கிரீட் ஈஸ் குட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் அடித்தால் தங்கமும் மரமும் வரும். வார்ப் டென் என்பதையும் அப்படியே சேர்த்து அடித்தால் கட்டுமானம் வேகமாகும். கீப் இல்லாதபோது பட்டன் மங்கலாக இருக்கிறதா, கீப் வந்ததும் திறக்கிறதா, ஹாட்கீ வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது மேப் சண்டைக்களம். முதல் மேப்பையே வேறு பெயரில் சேமித்து, டிரிக்கர் எடிட்டரில் மெலீ இனிஷியலைசேஷன் என்ற டிரிக்கரை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் கட்டடம் இல்லாத ஆள் தோற்றான் என்று ஆட்டம் முடிந்துவிடும். பிளேயர் 2-ஐ கம்ப்யூட்டராக வைத்து, உங்கள் பக்கம் ஒரு காவல் தலைவன், எதிர்ப்பக்கம் ஃபுட்மேன்கள் என்று பக்கத்தில் நிறுத்துங்கள். தானாகவே சண்டை தொடங்கும்.

ஒன்றுக்கு ஒன்று விட்டால் தலைவன் ஜெயிக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு விட்டால் தோற்க வேண்டும். அப்புறம் நான்கு தலைவர்களை ஏழு ஃபுட்மேன்களோடு மோதவிடுங்கள். 960 தங்கத்துக்கு 945, ஏறக்குறைய சமம். கூட்டமாக மோதும்போது முன்வரிசையில் இடம் போதாமல் பின்னால் நிற்பவன் அடிக்க முடியாமல் சுற்றுவான். அந்த நெருக்கத்தில் கனமான யூனிட்டுக்கு லாபம். தாளில் போட்ட கணக்கு இதைக் காட்டாது. ஒவ்வொரு மோதலையும் ஐந்து முறை ஓட்டி, யார் எத்தனை உயிரோடு மிஞ்சினார் என்று எழுதுங்கள். ஒரு பக்கமே தொடர்ந்து ஜெயித்தால் விலையை ஒவ்வொரு முறையும் 10 தங்கம் மட்டும் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். உயிரையும் அடியையும் விலையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று: கம்ப்யூட்டர் எதிரி உங்கள் யூனிட்டைத் தானாகப் பயிற்றுவிக்காது. அதன் திட்டத்தில் பழைய யூனிட்கள் மட்டுமே இருக்கின்றன. அதற்கு எஃப்8-இல் ஏஐ எடிட்டர் இருக்கிறது, அது தனி வேலை. யூனிட்டில் தவறு இருக்கிறது என்று தேடி அலையாதீர்கள்.

11. இப்போது தோற்றம்

முதலில் விளையாட்டுக்குள்ளேயே தேடுங்கள். ஹியூமன் கேம்பெய்ன் யூனிட்களில் கேப்டன் என்று ஒருவன் இருக்கிறான், அவன் மாடல் நமக்குக் கச்சிதம். மாடல் ஃபைல் ஃபீல்டில் அதைத் தேர்ந்தெடுங்கள், ஐகானையும் யூனிட் சவுண்ட் செட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். எந்தக் கோப்பையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

உருவத்தைப் பெரிதாக்க விரும்பினால் மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும். ஸ்கேலிங் வேல்யூ மாடலை மட்டும் பெரிதாக்கும். செலக்‌ஷன் ஸ்கேல் காலடியில் வரும் வட்டத்தை மாற்றும். கொலிஷன் சைஸ் மற்ற யூனிட்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும். முதலாவதை மட்டும் மாற்றினால் பெரிய ஆள் சின்ன வட்டத்துக்குள் நிற்பான், ஃபுட்மேன்கள் அவன் தொடைக்குள் நுழைந்து நிற்பார்கள். அதே நேரம் கொலிஷனை அதிகமாக உயர்த்தினால் குறுகலான வழியில் சிக்கிக்கொள்வான்.

வெளி மாடல்தான் வேண்டுமென்றால் ரசிகர்கள் தங்கள் படைப்புகளைப் பகிரும் தளமான ஹைவ் வொர்க்‌ஷாப்பில் நிறைய இருக்கின்றன. செய்தவர் வைத்திருக்கும் நிபந்தனையைப் படித்து, மேப் விவரத்தில் அவர் பெயரைப் போடுங்கள். ஒரு மாடலுக்கு அவர்கள் கொடுக்கும் உழைப்பு மிகப் பெரியது.

மாடல் கோப்பு எம்டிஎக்ஸ், டெக்ஸ்சர் பிஎல்பி. இம்போர்ட் மேனேஜர் ஒவ்வொரு கோப்புக்கும் தானாக ஒரு பாதை கொடுக்கும். மாடலுக்கு அது பரவாயில்லை. டெக்ஸ்சருக்கு ஆகாது. மாடலுக்குள் டெக்ஸ்சரின் பாதை எழுதப்பட்டிருக்கும், இம்போர்ட் மேனேஜரில் நீங்கள் கொடுக்கும் பாதை அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மாடல் வெறும் ஒற்றை நிறத்தில் நின்றால் பிழை இங்கேதான். போர்ட்ரெய்ட் (திரையின் கீழே தெரியும் முகம்) மாடல் தனியாக வந்தால் அதன் பெயர் மூல மாடலின் பெயரோடு போர்ட்ரெய்ட் என்ற ஒட்டைச் சேர்த்து இருக்க வேண்டும். இறக்குமதி முடிந்ததும் மேப்பைச் சேமித்து, மூடித் திறந்து பாருங்கள். அதற்கு முன் எடிட்டரில் மாடல் தெரியாமல் போகலாம்.

ஐகானுக்கு எப்போதும் இரண்டு கோப்பு: சாதாரணமானது ஒன்று, மங்கலானது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்புறைப் பாதை, மங்கலானதன் பெயருக்கு முன்னால் டிஸ் என்ற மூன்றெழுத்து ஆங்கில முன்னொட்டு. மங்கலானதை விட்டுவிட்டால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். கீப் கட்டாத நேரத்தில், அல்லது எஃப்10 அழுத்தி மெனு திறந்த நேரத்தில், ஐகான் பச்சைக் கட்டமாக மாறும்.

வெளி மாடல் போட்டபின் டேமேஜ் பாயின்ட் என்ற ஃபீல்டையும் திருத்துங்கள். தாக்குதல் அசைவு தொடங்கி எத்தனை நொடி கழித்து அடி விழ வேண்டும் என்பது அது. பழைய எண்ணையே விட்டால் வாள் தலைக்கு மேலே இருக்கும்போதே எதிரி சாய்வான்.

12. வில்லாளி செய்ய நினைத்தால்

ஃபுட்மேனின் ரேஞ்சை 500 ஆக்கினால் வில்லாளி வரமாட்டான். எட்ட நின்று காற்றை வெட்டுவான், அங்கே எதிரிக்கு அடி விழும், நடுவில் அம்பே பறக்காது. வெப்பன் டைப்பை மிசைல் ஆக்கி, புரொஜெக்டைல் ஆர்ட்டும் வேகமும் கொடுக்க வேண்டும். அக்விசிஷன் ரேஞ்ச், தாக்கும் தூரத்துக்குச் சமமாகவாவது இருக்கட்டும், இல்லையென்றால் எதிரி எட்டும் தூரத்தில் இருந்தும் தானாகத் தாக்கமாட்டான். டார்கெட்ஸ் அலவ்டில் ஏர் சேர்த்தால்தான் பறப்பவற்றை அடிப்பான். அடி வகையை பியர்சிங் ஆக்கினால் லைட் கவசத்தின் மேல் 200 சதவீதம், கோட்டை போன்ற ஃபார்டிஃபைடு மேல் 35 சதவீதம்தான். இத்தனையையும் மாற்றுவதற்குப் பதில் ஏற்கெனவே அம்பு விடும் யூனிட் ஒன்றை அடிப்படையாக எடுத்தால் பாதி வேலை மிச்சம்.

13. வேறு மேப்புக்குக் கொண்டுபோவது

ஆப்ஜெக்ட் எடிட்டரின் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆல் ஆப்ஜெக்ட் டேட்டா இருக்கிறது. யூனிட்டை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால் ஆரா போகாது, தலைவன் திறனில்லாமல் போய்ச் சேருவான், அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள். புதிய மேப்பில் ஏற்கெனவே உங்கள் மாற்றங்கள் இருந்தால், இம்போர்ட் செய்வதற்கு முன் அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவை போய்விடக்கூடும்.

வெளி மாடல், ஐகான் கோப்புகள் இந்த எக்ஸ்போர்ட்டில் வராது. அவற்றை இம்போர்ட் மேனேஜர் வழியாகப் புதிய மேப்பில் தனியாக, அதே பாதைகளோடு ஏற்ற வேண்டும். பாதைகளை முதல் மேப்பிலிருந்தே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.